லெக்சஸ் ஆர்எக்ஸ்: புதிய உரிமையாளர் கேள்விகளின் வரலாறு

லெக்சஸ் ஆர்எக்ஸ் என்பது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் தன் சொகுசுப் பிரிவான லெக்சஸ் பெயரில் விற்கும் நடுத்தர அளவு எஸ்யூவி கார் ஆகும். ஜப்பானில் 1997 டிசம்பரில் டொயோட்டா ஹாரியர் என்ற பெயரிலும், அமெரிக்காவில் 1998 மார்ச்சில் ஆர்எக்ஸ் 300 என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது. இதைப் புதிதாக வாங்குவோர் கேட்கும் கேள்விகள் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. எந்தப் பெட்ரோல் போடுவது? ஆயிலை எப்போது மாற்றுவது? டயர் விளக்கு ஏன் எரிகிறது? மழைக்காலத்தில் மேட் மேல் இன்னொரு ரப்பர் மேட் போடலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விகள்தாம். ஆனால் கடைசிக் கேள்விக்குப் பின்னால் நான்கு பேரின் மரணம் இருக்கிறது.

ஜீப் தோற்றம், கார் உடல்

1990களில் அமெரிக்கக் குடும்பங்கள் உயரமான எஸ்யூவி வண்டிகளை விரும்பி வாங்கத் தொடங்கின. அரசு விதிகளும் அதற்கு உதவின. கார்கள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது அப்போதைய விதி. இலகுரக டிரக்குகளுக்கு 20.7 மைல், அதாவது ஏறத்தாழ 8.8 கிலோமீட்டர் போதும். எஸ்யூவிகள் டிரக் கணக்கில் சேர்ந்ததால் அவற்றைத் தயாரிப்பது நிறுவனங்களுக்கு எளிதாக இருந்தது.

அன்றைய எஸ்யூவிகளில் பெரும்பாலானவை லாரியைப் போல ஏணி வடிவச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. குழியில் இறங்கினால் குலுக்கும், வளைவில் சாயும். டொயோட்டா வேறு வழியை எடுத்தது. தன் கேம்ரி காரின் அடித்தளத்தை எடுத்து, அதன்மேல் உயரமான உடலைப் பொருத்தியது. வெளியே ஜீப்பின் தோற்றம், உள்ளே காரின் மென்மை. ஆர்எக்ஸின் வெற்றிக்கு இதுவே காரணம். உரிமையாளர்களின் குழப்பம் பலவற்றுக்கும் இதுவே காரணம் எனலாம்.

முதல் குழப்பம் நான்கு சக்கர இயக்கம் பற்றியது. அந்த வசதி இருப்பதால் காட்டுப்பாதையில் ஏறலாம் என்று பலர் நினைத்தனர். ஆர்எக்ஸ் 300 வண்டியில் செங்குத்தான மலைப்பாதைக்குத் தேவையான குறைவேகக் கியர் கிடையாது. பனியிலோ மழையிலோ ஒரு சக்கரம் வழுக்கினால் இன்ஜினின் விசையை மற்றச் சக்கரங்களுக்குப் பகிர்வதே அந்த அமைப்பின் வேலை. அது வண்டி கிளம்ப உதவும், நிற்க உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. ஆகவே வழுக்கும் சாலையில் இவ்வண்டி மற்றக் கார்களைவிடச் சீக்கிரம் நிற்கும் என்று எண்ணுவது ஆபத்து.

பெட்ரோலும் ஆயிலும்

ஆர்எக்ஸ் 300 வண்டிக்கு 91 ஆக்டேன் பெட்ரோல் பரிந்துரைக்கப்பட்டது. இந்த எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கப் பம்புகளில் காணப்படும் எண், இரு சோதனை முறைகளில் கிடைக்கும் அளவுகளின் சராசரி. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அவற்றில் ஒரு முறையின் எண் மட்டுமே குறிப்பிடப்படுகிறது. அமெரிக்காவின் 91 இங்கே 95 அல்லது 96 என்ற அளவுக்கு நிகரானது. இரண்டு எண்ணையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

ஆயில் விவகாரம் இதைவிடக் கசப்பானது. 1997 முதல் 2002 வரை வந்த சில டொயோட்டா, லெக்சஸ் இன்ஜின்களில் ஆயில் கெட்டியாகித் தார்போலப் படிந்தது. ஆர்எக்ஸ் 300 வண்டியின் 3 லிட்டர் வி6 இன்ஜினும் அவற்றில் ஒன்று. உரிமையாளர்கள் உரிய காலத்தில் ஆயில் மாற்றாததே காரணம் என்று நிறுவனம் முதலில் கூறியது. ஒழுங்காக மாற்றியவர்களும் புகார் செய்தனர். 2002இல், வண்டி விற்ற நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை இப்பழுதைச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஆயில் மாற்றிய ரசீதை எடுத்து வைக்கும்படி அனுபவசாலிகள் புதியவர்களிடம் சொல்வது இதனால்தான்.

சார்ஜ் போட வேண்டுமா?

2005இல் ஆர்எக்ஸ் 400எச் என்ற ஹைபிரிட் வண்டி வந்தது. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உண்டு என்றதும், சார்ஜ் போடும் இடம் எங்கே என்று தேடியவர்கள் பலர். அப்படி ஓர் இடமே இல்லை. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலையும் இன்ஜின் தரும் ஆற்றலையும் கொண்டே பேட்டரி நிறைந்தது. இந்தியாவில் லெக்சஸ் 2017இல் அறிமுகமானபோது வந்த ஆர்எக்ஸ் 450எச் வண்டியும் இவ்வகையே. 2022இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் ஆர்எக்ஸ் 450எச் பிளஸ் என்ற, சார்ஜ் போடக்கூடிய வடிவமும் சேர்ந்தது. இப்போது விடை பெயரின் இறுதியில் உள்ள கூட்டல் குறியைப் பொறுத்தது.

டயர் விளக்கு

குளிர்ந்த காலையில் எரிந்து, நண்பகலில் தானே அணையும் மஞ்சள் விளக்கு பலரைக் கலங்க வைக்கிறது. குளிரில் காற்று சுருங்கி டயர் அழுத்தம் குறைவதே காரணம். இந்த விளக்கு சட்டத்தால் வந்தது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவிகள் உருண்டதில் அமெரிக்காவில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும், அழுத்தம் 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது.

ஒரு ரப்பர் மேட்

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே சான்டீ என்ற ஊரில் ஒரு லெக்சஸ் இஎஸ் 350 கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சென்று விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. நெடுஞ்சாலைக் காவலர் ஒருவரும் அவர் குடும்பத்தினர் மூவரும் இறந்தனர். கார் அவர்களுடையது அன்று. சொந்தக் கார் சர்வீஸில் இருந்ததால் விற்பனை நிலையம் தந்த மாற்று வண்டி. பிரேக் பிடிக்கவில்லை என்று காரிலிருந்தே அவசர எண்ணுக்குப் பேசியிருந்தனர். வண்டியை ஓட்டியவர் வாகனங்களைப் பற்றி நன்கு அறிந்த காவலர் என்பதால் ஓட்டுநரின் தவறு என்று எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

விசாரணையில் தெரிந்தது இது. அந்தக் காருக்குள் கிடந்தது ஆர்எக்ஸ் 400எச் வண்டிக்காகச் செய்த ரப்பர் மேட். இஎஸ் காருக்கு அது நீளம் அதிகம், கொக்கியிலும் மாட்டப்படவில்லை. அதன் விளிம்பில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொண்டது. சில நாள் முன்பு அதே வண்டியை எடுத்துச் சென்ற வேறொரு வாடிக்கையாளர், பெடல் சிக்கியதையும் தான் அதை விடுவித்ததையும் நிலையத்தில் சொல்லியிருந்தார். சொன்னது உரியவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

பட்டன் அழுத்தி இயக்கும் கார் என்பதும் நிலைமையை மோசமாக்கியது. ஓடும் வண்டியில் அந்தப் பட்டனை ஒருமுறை தட்டினால் இன்ஜின் நிற்காது. மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சாவி காலத்துப் பழக்கம் உள்ள எவருக்கும் பதற்றத்தில் இது தோன்றுமா என்பது ஐயமே.

டொயோட்டா முதற்கட்டமாக ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இத்தனைக்கும் 2007லேயே இதே சிக்கலுக்காக 55,000 மேட்களை நிறுவனம் திரும்பப் பெற்றிருந்தது. மின்னணுக் கோளாறு இருக்கலாம் என்ற ஐயத்தை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தனர். அப்படி எதுவும் காணப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2012இல் ஆர்எக்ஸ் வண்டியின் முறையே வந்தது. 2010ஆம் ஆண்டின் ஆர்எக்ஸ் 350, 450எச் வண்டிகள் ஏறத்தாழ 1,54,000 மேட் சிக்கலுக்காகவே திரும்ப அழைக்கப்பட்டன. அதைக் காலம் தாழ்த்தித் தெரிவித்ததற்காக டொயோட்டா 1.735 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. முன்னைய குறைகளை மறைத்துப் பேசியதற்காக 2014இல் கட்ட நேர்ந்த தொகை 120 கோடி டாலர்.

இதற்கிடையே வண்டிகளும் மாறின. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒருசேர அழுத்தப்பட்டால் பிரேக்குக்கே முதலிடம் தரும் மென்பொருள் சேர்க்கப்பட்டது. கையேட்டின் தொடக்கத்திலேயே இப்போது மேட் பற்றிய பக்கம் இருக்கிறது: அந்த மாடலுக்குரிய மேட்டையே போடுக, கொக்கியில் மாட்டுக, ஒன்றன்மேல் ஒன்று போடாதிருக்க. அவசரத்தில் வண்டியை நிறுத்தும் பகுதியில், பட்டனை இரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கலாம், அல்லது தொடர்ந்து மூன்று முறையோ அதற்கு மேலோ தட்டலாம் என்றும் எழுதப்பட்டிருக்கிறது.