சமநிலையும் முன்னறிவும்: சிறுவர்க்கான மின் டர்ட் பைக் குறித்து

2019 மார்ச்சில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் கலிஃபோர்னியாவில் இயங்கிவந்த ஸ்டேசிக் என்ற சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. ஸ்டேசிக் செய்துவந்தது மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான, பெடல் இல்லாத, பேட்டரியில் ஓடும் இருசக்கர வண்டி. எடை எட்டு ஒன்பது கிலோதான். காலால் தரையை உந்தி ஓட்டலாம். வலக்கைப் பிடியை முறுக்கினால் தானாகவும் ஓடும். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரியாவின் கேடிஎம் நிறுவனம் எஸ்எக்ஸ்-ஈ 5 என்ற மின் மோட்டோகிராஸ் வண்டியைச் சிறுவர்க்கென வெளியிட்டது. அதன் உச்சத்திறன் 5 கிலோவாட், எடை ஏறத்தாழ 40 கிலோ. முதலாவது நடைபழகும் வயதை இப்போதுதான் கடந்த பிள்ளைக்கு. இரண்டாவது பந்தயத்துக்குப் பழகும் பிள்ளைக்கு. இவ்விரண்டுக்கும் இடையில் இன்று ஒரு பெரிய சந்தை உருவாகியிருக்கிறது. இந்தியாவிலும் இத்தகைய வண்டிகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

இவற்றைச் சிறு பிள்ளைகள் ஓட்டலாமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் ஏற்கெனவே உள்ளன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-ஆம் ஆண்டின் கொள்கை அறிக்கையில், இரண்டு, மூன்று, நான்கு சக்கர உரிமமற்ற மோட்டார் வாகனங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கருதி, கார் ஓட்ட உரிமம் பெறாத பிள்ளையிடம் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்றது. வண்டி செய்வோரும் பந்தயக் குடும்பங்களும் சொல்லும் விடை வேறு: ஹெல்மெட் போட்டு, பெற்றோர் பக்கத்தில் நின்று, மூடிய திடலில் ஓட்டினால் மூன்று வயதிலும் ஓட்டலாம். முதல் விடை எட்டு கிலோ வண்டியையும் முந்நூறு கிலோ வண்டியையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டாவது விடை பிள்ளையின் கைத்திறனை மட்டும் பார்க்கிறது. ஆறு வயது நிறையாத பிள்ளைக்கு, முறுக்கினால் ஓடும் எந்த வண்டியும் கூடாது என்பதும், அதற்கு மேற்பட்ட வயதில் வேகத்தையே அளவுகோலாகக் கொண்டு சட்டம் வரம்பிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. சமநிலை பிள்ளைக்கு மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது, வரப்போவதை முன்னறியும் ஆற்றல் பல ஆண்டுகள் பின்தங்கியே வருகிறது என்பதுதான் இதற்குக் காரணம். பெட்ரோல் வண்டி இந்த இடைவெளியைத் தன்னை அறியாமலே ஓரளவு காத்துவந்தது. மின் வண்டி அந்தக் காவலை எடுத்துவிட்டது.

அந்தக் காவல் எப்படி இருந்தது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். யமஹா பிடபிள்யூ 50 என்ற சிறுவர் வண்டி 1980-களின் தொடக்கத்திலிருந்து விற்பனையில் இருக்கிறது. அதில் கியரும் இல்லை, கையால் பிடிக்க வேண்டிய கிளட்சும் இல்லை. ஆனால் கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்; பெரும்பாலும் அப்பாதான் உதைப்பார். ஆக்சிலேட்டர் எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்த ஒரு சிறு திருகாணி உண்டு. அதை ஸ்க்ரூடிரைவர் எடுத்துத்தான் தளர்த்த முடியும். சைலன்சர் சுடும், புகை வரும், சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். இவற்றில் எதுவுமே பாதுகாப்புக்கென்று யோசித்து வைத்ததல்ல, அந்தத் திருகாணியைத் தவிர. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தன: பெரியவர் ஒருவர் உடனில்லாமல் வண்டி புறப்படாது, புறப்பட்டால் ஊருக்கே தெரியும். நாற்பது கிலோவைத் தொடும் எடைகூட ஒரு வாயிற்காப்பாளன்தான். அதைத் தாங்கி நிறுத்தும் உயரமும் வலுவும் வர ஐந்தாறு வயதாவது ஆக வேண்டும்.

ஸ்டேசிக் போன்ற மின் வண்டியில் இவை எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் தயார். வேக நிலையை மாற்றுவதும் பல வண்டிகளில் ஒரு பொத்தானின் வேலை. ஸ்டேசிக்கின் 12 அங்குலச் சக்கர வண்டிக்கு மூன்று நிலைகள்: மணிக்கு ஏறத்தாழ 8, 11, 14.5 கிலோமீட்டர். 16 அங்குல வண்டியின் உச்ச நிலை 21 கிலோமீட்டர். சத்தமில்லை என்பதைப் பெரிய நன்மையாகச் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தாருக்கு அது நன்மைதான். சமையலறையில் நிற்கும் தாய்க்கு, பிள்ளை வண்டியைக் கிளப்பிவிட்டான் என்பதைச் சொல்ல எதுவும் இல்லாமல் போய்விட்டது.

மின் மோட்டாரின் இயல்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏற ஏறத்தான் இழுவை தரும். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தர வல்லது. கன்ட்ரோலரில் இதை மென்மையாக்கலாம், நல்ல நிறுவனங்கள் செய்யவும் செய்கின்றன. ஆனால் மென்மையாக்கித் தீராத ஒரு சிக்கல் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கிறது. வண்டி எதிர்பாராமல் முன்னே பாய்ந்தால் உடல் பின்னால் சாய்கிறது, கைகள் நீள்கின்றன, பயத்தில் விரல்கள் பிடியை இறுக்குகின்றன. பின்னால் சாயும் உடலோடு மணிக்கட்டு கீழே மடங்குகிறது. மடங்கும் திசைதான் ஆக்சிலேட்டர் திறக்கும் திசை. வண்டி இன்னும் பாய்கிறது, பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். அமெரிக்க ஓட்டிகள் இதை ‘விஸ்கி த்ராட்டில்’ என்பார்கள். வளர்ந்தவர்களுக்கும் நேர்வதுதான். வளர்ந்தவர் கையை விட்டுவிடப் பழகிக்கொள்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயம் வந்தால் எதையாவது பற்றிக்கொள்வதுதான் உடம்பின் முதல் அறிவு. அந்த அறிவுக்கு நேர் எதிராக நடக்கச் சொல்லும் ஒரு பொறியை அவன் கையில் கொடுக்கிறோம். பெடல் சைக்கிளில் இது நேராது. பயந்த பிள்ளையின் கால் நின்றால் உந்துவிசையும் நின்றுவிடும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது கிலோமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றிவிடுகிறது. 14 என்றால் என்ன, 21 என்றால் என்ன, இரண்டும் நகரப் பேருந்தைவிடக் குறைவுதானே என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறுவதால், அதை விழும் உயரமாக மாற்றிப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. மணிக்கு 8 கிலோமீட்டரில் சுவரில் மோதுவது கால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 14.5 என்றால் 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 21 என்றால் 1.7 மீட்டர். பந்தய வண்டியில் 40 கிலோமீட்டரை எட்டும் பிள்ளைக்கு அது ஆறு மீட்டருக்கும் மேல், அதாவது இரண்டாம் மாடி. முதல் எண்ணைப் பிள்ளைகள் நாள்தோறும் சந்திக்கிறார்கள். முழங்கால் சிராய்ப்போடு போகும். மூன்றாவது எண்ணை எந்தத் தகப்பனும் வேண்டுமென்றே சந்திக்க விடமாட்டார். ஆனால் வண்டியில் முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையே இருப்பது ஒரு பொத்தான்.

விழுகிற உடலும் பெரியவர் உடலின் சிறு பதிப்பல்ல. ஐந்தாறு வயதிலேயே மூளை வளர்ந்தவர் அளவில் ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கழுத்துத் தசைகள் அந்த வேகத்தில் வளர்வதில்லை. பெரிய தலை, மெல்லிய கழுத்து. அதன்மேல் முகம் மூடிய ஹெல்மெட் ஒரு கிலோவுக்கும் மேல் சுமை ஏற்றுகிறது. ஹெல்மெட் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அது மண்டையோட்டைக் காக்கும். கழுத்தை அது காக்காது என்பதை மறந்துவிட்டு, ஹெல்மெட் இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுவதுதான் தவறு. கைகால் எலும்புகளின் நுனியில் உள்ள வளர்தட்டுகளும் அப்படித்தான். வளர்ந்தவருக்குச் சுளுக்காக முடிவது, பிள்ளைக்கு வளர்தட்டு முறிவாகி அந்த எலும்பின் வளர்ச்சியையே பாதிக்கலாம்.

இனி முன்னறிவு. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டெல்ஸ் 1960-களில் சாலையில் சிறுவர் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்து, 1968-இல் நூலாக வெளியிட்டார். சிறு பிள்ளைகளைப் பயிற்சியால் போக்குவரத்துக்குத் தகுந்தவர்களாக மாற்றிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் அவர்களுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. விதிகளை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளே தெருவில் அவற்றை மீறினார்கள். பந்து உருண்டால் பந்து மட்டுமே கண்ணில் இருந்தது. லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த ஜான் வான் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புலனறிவின் பக்கத்திலிருந்து வலு சேர்த்தது. மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல், நெருங்கிவரும் வண்டியை ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளால் உறுதியாக உணர முடியவில்லை. அவர்கள் கவனக்குறைவாக இருந்ததால் அல்ல. விழித்திரையில் உருவம் பெரிதாகும் அந்த மாற்றத்தை உணரும் திறன் இன்னும் முதிரவில்லை.

இந்த ஆய்வுகள் நடந்து செல்லும் பிள்ளைகளைப் பற்றியவை, ஓட்டும் பிள்ளைகளைப் பற்றியவை அல்ல. ஆனால் மோட்டோகிராஸ் திடலில் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வேறு வண்டிகள் வருகின்றன. ஒரு மேட்டைத் தாண்டியதும் அந்தப் பக்கம் ஒருவர் விழுந்து கிடக்கலாம். சாலையைக் கடப்பதற்கு வேண்டிய அதே கணிப்புதான் அங்கும் வேண்டும், ஓட்டிக்கொண்டே. மூன்று வயதில் அழகாகச் சமநிலை பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு வந்துவிட்டது என்று நாம் முடிவுகட்டும்போது, வந்தது எது, வராதது எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. 2008-இல் அமெரிக்கா நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றியபோது, சிறுவர் பொருள்களில் ஈயத்தின் அளவுக்கு வைத்த வரம்பு சிறுவர் மோட்டார்சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டது. 2009 பிப்ரவரியில் கடைகள் அவற்றை விற்க முடியாமல் நின்றன. முன்னாள் பந்தய வீரர் மால்கம் ஸ்மித் அடுத்த மாதம் தம் கலிஃபோர்னியக் கடையில் சட்டத்தை மீறியே விற்று எதிர்ப்புத் தெரிவித்தார். சிறு வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரிய வண்டியில் ஏறுவார்கள், சாவு கூடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதே அச்சத்தைக் கருத்தில் கொண்டு நுகர்பொருள் ஆணையம் சட்ட அமலை ஒத்திவைத்தது. 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இவ்வண்டிகளுக்கு விலக்களித்தது. ஈயத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. எந்தப் பிள்ளையும் இன்ஜினை வாயில் வைக்கப்போவதில்லை. ஆனால் பெரிய வண்டியில் ஏறிவிடுவான் என்ற வாதம் பத்து வயதுப் பிள்ளைக்கே பொருந்தும். மூன்று வயதுப் பிள்ளை தானாகப் பெரிய வண்டியில் ஏறமாட்டான், ஏற்றிவிடப்படுகிறான். ஏற்றிவிடுகிறவரைத் தடுப்பது சட்டத்தால் முடிகிற வேலை.

மேற்பார்வை போதும் என்ற வாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 2023 ஆகஸ்டில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில், தேசிய மோட்டார்சைக்கிள் போட்டியில் விழுந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அது பெட்ரோல் வண்டி, வளர்ந்தோர் ஓட்டும் அளவு வண்டி. இங்கு பேசப்படும் வண்டிகளோடு அதைச் சமமாக்க முடியாது. ஆனால் திடல், உடை, பயிற்சி, அதிகாரிகள் எல்லாம் அங்கே இருந்தன. 2021-இல் ஐரோப்பாவில் பதின்வயது ஓட்டிகள் அடுத்தடுத்து இறந்தபோது, உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு மேற்பார்வையைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. போட்டிகளின் குறைந்தபட்ச வயதையே உயர்த்தியது. விளையாட்டை நேசிப்பவர்களே எடுத்த முடிவு அது.

நான்கு வயதில் தொடங்கிச் சாம்பியன் ஆனவர்கள் உண்டே என்பார்கள். உண்டு. ஆறு வயதில் தொடங்கியிருந்தால் அவர்கள் சாம்பியன் ஆகியிருக்கமாட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலால் உந்தும் வண்டியும் பெடல் சைக்கிளும் சமநிலையை முழுமையாகக் கற்றுத்தரும். ஸ்டேசிக் நிறுவனமே முதலில் மோட்டாரை அணைத்து, காலால் உந்திப் பழகச் சொல்கிறது. அந்தப் பயிற்சிக்கு மோட்டார் எதற்கு என்பதே என் கேள்வி.

சட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நான்கு சக்கர ஏடிவி வண்டிகளுக்கு 1988-இல் நீதிமன்ற உடன்பாட்டின் வழி வயது வரம்புகள் வந்தபோது, இன்ஜினின் சிசி அளவுதான் கணக்கு. பின்னர் சிறுவர் வண்டிகளுக்கான வகைப்பாடு வேகத்துக்கு மாறியது: ஆறு வயதுக்கு மேற்பட்டோர் வண்டி மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது, வேகத்தடுப்பானோடு 10 மைல். 2008 சட்டம் அந்தத் தரத்தைக் கட்டாயமாக்கியது. இருசக்கர வண்டிகளை அந்தத் தரம் தொடவில்லை. சிசி என்ற பேச்சுக்கே இடமில்லாத மின் வண்டிக்கு வேக வகைப்பாடுதான் பொருந்தும். எடையையும் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளை தானே தூக்கி நிறுத்த முடியாத வண்டி அவனுக்கானதல்ல. ஆறிலிருந்து எட்டு வயது வரை, பிள்ளை தன் காலால் ஓடி எட்டக்கூடிய வேகத்தை, அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டரை, வண்டி தாண்டக் கூடாது. அந்த வரம்பு பெற்றோரின் செல்போன் செயலியில் இருந்தால் போதாது. கருவி இன்றித் திறக்க முடியாதபடி வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் இதில் இரண்டு வாசல்களைத் திறந்தே வைத்திருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை, உரிமம் வேண்டாம். சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓடுவதற்கென அமைந்த வாகனமும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. பதினேழு வயது மகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்த தகப்பனுக்கு, 2019 திருத்தத்தின் 199ஏ பிரிவின்படி மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம். நான்கு வயது மகளை அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் மின் டர்ட் பைக்கில் ஏற்றிவிடும் தகப்பனை அந்தப் பிரிவு தொடாது. அங்கே தூண்கள் உண்டு, பின்னோக்கி வரும் கார்கள் உண்டு. பெரியவர்களை எண்ணி வகுத்த அந்த 25 கிலோமீட்டர், விழும் உயரமாகக் கணக்கிட்டால் எட்டடி. சிறுவர் வண்டிக்கென வயதுவாரியான வேகத் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்து, அது இல்லாத வண்டி விற்பனைக்கே வரக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். பொம்மைகளுக்கு அத்தகைய கட்டாயத் தர ஆணை 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது.