இறங்கி நடப்பதும் ஒதுங்கி வழிவிடுவதும்



அண்ணலின் நினைவு நாள் பேருரைக்குக் குதிரையைத் தலைப்பாக எடுத்துக்கொண்டதில் சிலருக்கு வியப்பு இருக்கலாம். குதிரையில் போகிறவர்கள் சாலையில் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை பற்றித்தான் பேசப்போகிறேன். அதிலிருந்து நம் தெருவுக்கு வந்துவிடலாம்.

இங்கிலாந்தின் கிராமப் பாதைகளில் இன்றும் பொழுதுபோக்காகக் குதிரையில் போகிறார்கள். அவர்களுக்குள் சில வழக்கங்கள் உண்டு. முன்னால் போகிற குதிரையைத் தாண்டுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். பாய்ச்சலில் வந்தாலும் நடைக்குக் குறைத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். வழியில் ஒரு படலைத் திறந்து மூட ஒருவர் இறங்கினால், அவர் மறுபடி ஏறி உட்காரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கூட்டத்தோடு வாழ்கிற விலங்கு அது. மற்ற குதிரைகள் போய்விட்டால் மிரண்டு ஓடும், ஏறுகிறவர் விழுவார். 2022-இல் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சாலை விதி, குதிரையைக் கடக்கும் கார் மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறது. அங்கேயும் குதிரை பெரும்பாலும் வசதியானவர் சமாச்சாரம்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த விதிகள் மிருகத்தின் பயத்தை வைத்து எழுதப்பட்டவை. மேலே உட்கார்ந்திருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அவற்றில் இல்லை.

நம் ஊரில் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

புதுக்கோட்டை மாவட்டம் குதிரைக்குப் புதிதல்ல. ஆவுடையார்கோயிலின் கதையே குதிரை வாங்கப் போன அமைச்சரின் கதை. பாண்டியனின் பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவனே குதிரை வியாபாரியாக வந்தார் என்கிறது புராணம். அரபு நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் கப்பலில் குதிரைகள் வந்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போனதையும் 13-ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ எழுதிவைத்தார். குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரையைப் பார்க்காதவர் இங்கே குறைவு. அய்யனாருக்குக் குதிரை உண்டு, அரசனுக்கும் உண்டு. நமக்கு? 2022 டிசம்பரில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்கள் போவதற்கு ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. அய்யனாரின் குதிரைக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்கே அவ்வளவு.

இனி, பக்கத்து மாவட்டத்துப் பட்டியல் ஒன்றைச் சொல்கிறேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் பதிவு செய்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பெண்கள் மாராப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அப்படியும் மக்கள் அடங்கவில்லை. 1931 ஜூனில் மறுபடி கூடிப் பட்டியலைப் பதினொன்றாக்கினார்கள். அதன் கடைசித் தடையைக் கவனியுங்கள்: கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைத்தான் தூக்கிக்கொள்ள வேண்டும், எந்த வாகனத்தையும் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

இந்தப் பட்டியலை நாம் எப்போதும் கொடுமைக்குச் சான்றாகவே வாசித்துவருகிறோம். அது சரிதான். ஆனால் வரலாறு படிக்கிற மாணவர்கள் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். இல்லாத வழக்கத்தை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. 1931-இல் இராமநாதபுரம் சீமையில் நம் மாப்பிள்ளைகள் குதிரையில் போனார்கள். குடை பிடித்தார்கள், சட்டை போட்டார்கள். நம்மவர்கள் எழுதிவைக்காத அந்த ஊர்வலத்துக்கு, அதைத் தடுத்தவர்களின் பட்டியலே சாட்சியாக நிற்கிறது.

இத்தனைக்கும், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-இல். இராமநாதபுரம் அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தது. தொண்டைமான் சமஸ்தானமான புதுக்கோட்டை அதற்கும் வெளியே. 1893-இலேயே திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாகப் பொதுச் சாலையில் ஓட்டிக் காட்டியிருந்தார்.

அண்ணலின் காலை முறித்ததும் குதிரைவண்டிதான். 1929-இல் பம்பாய் அரசின் விசாரணைக் குழு உறுப்பினராக அவர் கான்தேஷ் பகுதிக்குப் போனார். சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் நம் மக்கள் வரவேற்றார்கள். அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட டாங்காக்காரர் ஒருவரும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறோம், ஓட்டுவதற்கு உங்கள் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கியது. அண்ணல் தூக்கி எறியப்பட்டார், குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள் விழுந்தன. தன் கௌரவத்தை நினைத்த மக்கள் தன் பாதுகாப்பை நினைக்கவில்லை என்று அவர் பிறகு எழுதினார். அவர்களைக் கடிந்து எழுதியதல்ல அது. நடந்து போகச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. பாரிஸ்டரைவிடத் தன்னை மேலானவராக டாங்காக்காரர் நினைத்துக்கொள்ள முடிந்ததுதான் அவரை யோசிக்கவைத்தது.

சட்டம் குதிரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட இன்னும் 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, பொது இடத்தில் செருப்பு, புத்தாடை அணிவதை, கல்யாண ஊர்வலத்தில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. 1931 பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் தடை விதித்தவர்களுக்குப் பதில் எழுதியதுபோலவே இருக்கும். 2018 மார்ச்சில் குஜராத்தின் டிம்பி கிராமத்தில், சொந்தமாகக் குதிரை வைத்திருந்த நம் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை ஏறாதே என்ற மிரட்டல் முன்பே வந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றார்கள் அவர் வீட்டார்.

என் அப்பாவிடம் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்று இருந்தது. ஊர்த் தெரு முனை வந்ததும் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றி கேரியரில் செருகிக்கொண்டு, தெரு முடியும்வரை உருட்டுவார். ஏனென்று கேட்டால், “பெரியவங்க திண்ணையில உக்காந்திருப்பாங்க, மரியாதை வேணாமா?” என்பார். எதிரே சைக்கிளில் வருகிற ஊர்க்காரப் பையன் ஒருநாளும் இறங்கியதில்லை. அப்பா அவனுக்காகச் சாக்கடை ஓரமாக ஒதுங்கி நிற்பார். படலைத் திறக்க இறங்கியவருக்காகக் காத்திருப்பதும் மரியாதை, இதுவும் மரியாதை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். என் அக்காவும் அப்பாவின் ஹெர்குலிஸில்தான் பழகினாள். ஏறுவதற்கு அவளுக்கு ஒரு கல்லோ திண்ணையோ வேண்டும்.

முதல் தடவை அவள் ஊர்த் தெருவுக்குள் போனபோது நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். திண்ணையிலிருந்து ஒருவர், “ஏ புள்ள, எறங்கு” என்று சத்தம் போட்டார். அக்கா பெல்லை அடித்துக்கொண்டே சொன்னாள்: “எறங்குனா திரும்ப ஏறத் தெரியாதுங்கய்யா.”

மிதித்துக்கொண்டே போய்விட்டோம்.