குழந்தைகள் வாங்கிய காடு

சரித்திரம் என்றால் அரசர்கள் நாடு பிடித்த கதை என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக் குழந்தைகளே ஒரு காட்டை விலைக்கு வாங்கிய சரித்திரமும் உண்டு. அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன்.

1987-ஆம் வருஷம். ஸ்வீடன் தேசத்தில் ஃபாகர்விக்கன் என்ற சிற்றூரில் ஒரு சிறு பள்ளி. அங்கே ஈஹா கெர்ன் என்ற ஆசிரியை, வெப்ப நாடுகளின் மழைக்காடுகளைப் பற்றிப் பாடம் நடத்தி வந்தார். எந்தப் பிராணி எங்கே வசிக்கிறது, எதைத் தின்கிறது, எந்த மரம் போனால் எந்தப் பறவை போகும் என்பதையெல்லாம் குழந்தைகள் கற்றார்கள். காடுகள் வெட்டப்படுவதும் அந்தப் பாடத்தில் வந்தது. ஷாரன் கின்ஸ்மன் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் வந்து, மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா தேசத்து மாண்டிவெர்டே மலைக்காட்டின் படங்களைக் காட்டினார். அந்தப் பிராணிகளுக்கு ஆபத்து வராமலிருக்க நாம் என்ன செய்யலாம் என்று ரோலண்ட் டியென்சு என்ற ஒன்பது வயதுப் பையன் கேட்டான். பேச்சு வளர்ந்து, காட்டையே வாங்கிவிட்டால் என்ன என்ற யோசனையில் வந்து நின்றது.

இப்படிப்பட்ட யோசனைக்கு நாமாயிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? "போய்ப் படிடா" என்றிருப்போம். அந்த ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் பாட்டும் நாடகமுமாக நிகழ்ச்சி நடத்திப் பணம் சேர்த்தார்கள். முதலில் சேர்ந்த தொகைக்குக் கிடைத்தது சுமார் ஆறு ஹெக்டேர்.

அந்த மலைக்கும் ஒரு பூர்வகதை உண்டு. யுத்தத்தில் சேருவதில்லை என்பதைச் சமயக் கொள்கையாகக் கொண்டவர்கள் குவேக்கர்கள். 1949-இல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில், ராணுவத்துக்குப் பெயர் பதிய மறுத்த நான்கு குவேக்கர் இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். கோஸ்டா ரிக்காவோ 1948-இலேயே தன் ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு. சிறையிலிருந்து மீண்டவர்களும் அவர்கள் உறவினர்களுமாகச் சுமார் 44 பேர் அங்கே குடியேறினார்கள். 1951-இல் மாண்டிவெர்டேயில் நிலம் வாங்கி மாடு வளர்த்தார்கள். பாலாடைக்கட்டி செய்து விற்றார்கள். ஆனால் ஓடை பிறக்கும் உச்சிக் காட்டை, 554 ஹெக்டேரை, கோடரி படாமல் ஒதுக்கி வைத்தார்கள். காடு போனால் தண்ணீர் போகும் என்று விவசாயிக்குத் தெரியும்.

அவர்கள் காத்தது தங்கள் தண்ணீருக்காக. ஸ்வீடன் குழந்தைகளோ, தாங்கள் ஒரு நாளும் பார்த்திராத பிராணிகளுக்காகக் காசு சேர்த்தார்கள். இதுதான் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். அப்போது கோஸ்டா ரிக்காவில் மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடுகள் அழிந்து, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்குதான் காடாக மிஞ்சியிருந்தது. செய்தி பரவியது, 44 தேசங்களின் குழந்தைகள் பணம் அனுப்பினார்கள். 1991-இல் அந்த ஆசிரியைக்கும் பையனுக்கும் கோல்ட்மன் பரிசு கிடைத்தது. ஆறு ஹெக்டேர் இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் வளர்ந்து, 'குழந்தைகளின் நித்தியக் காடு' என்ற பெயருடன் நிற்கிறது.

இவ்வளவு காடு எதற்கு, உச்சிக் காடு ஒன்று போதாதா என்று கேட்கலாம். கெட்ஸால் என்ற பச்சைப் பறவை அதற்குப் பதில் சொல்லுகிறது. அதற்குச் சிறு ரேடியோக் கருவி பூட்டி ஆராய்ந்ததில், உச்சியில் குஞ்சு பொரித்த பிறகு பழம் தேடி மலைச்சரிவுகளில் கீழே இறங்கிப் போவது தெரிந்தது. அந்தப் பறவைக்கு வீடு என்பது மலையின் உச்சியும் சரிவும் சேர்ந்தது. குழந்தைகளின் காடு மலையின் இருபுறச் சரிவுகளிலும் இருக்கிறது.

இத்துடன் முடித்தால் இது நல்ல நீதிக்கதை. ஆனால் சரித்திரத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாண்டிவெர்டே உச்சியில் பொன்னிறத் தேரை என்று ஒரு ஜீவன் இருந்தது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டது 1966-இல். உலகில் வேறெங்கும் அது கிடையாது. 1987-இல், அந்தக் குழந்தைகள் கேள்வி கேட்ட அதே வருஷத்தில், 1,500-க்கு மேற்பட்ட தேரைகள் மழைக்குட்டைகளில் கூடின. குட்டைகள் வற்றி, முட்டைகளில் பெரும்பாலானவை கெட்டன. மறு வருஷம் கண்ணில் பட்டவை பத்து. 1989-இல் ஒன்றே ஒன்று. அப்புறம் இல்லவே இல்லை. 2004-இல் அற்றுப்போன இனம் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள்.

அந்தத் தேரையின் இருப்பிடத்தை யாரும் வெட்டவில்லை. அது 1972-இல் ஏற்பட்ட சரணாலயத்துக்குள் பத்திரமாகவே இருந்தது. பூஞ்சை நோயா, பூமி சூடேறுவதா, அந்த வருஷங்களின் வறட்சியா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கோடரியை வேலி தடுக்கும். நோயையும் வெயிலையும் வேலி தடுக்காது.

அப்படியானால் குழந்தைகளின் பணம் வீண்தானே என்பார் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அந்தக் காட்டை வாங்காமல் விட்டிருந்தால் தேரைக்குப் பின்னால் கெட்ஸாலும் போக வழி திறந்திருக்கும். பணத்தால் முடிந்ததைக் குழந்தைகள் செய்து முடித்தார்கள். பணத்தால் முடியாதது ஒன்று இருக்கிறது. அது அவர்கள் கணக்கில் உள்ளதல்ல. பெரியவர்களாகிய நம் கணக்கில் நிற்கும் பாக்கி.