தெருவுக்குக் கூரை வேய்ந்த ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமுனையிலே அமைந்த பருத்தித்துறையின் பழைய கட்டடங்களைக் கால்நடையாகக் கண்டுவர விரும்புவோரைக் கடற்கரைப் பக்கமே முதலில் ஈர்க்கும். 1916இல் எழுந்த வெளிச்சவீடும், வெஸ்லியன் மிஷனரிமார் 1838இல் நிறுவிய பாடசாலையின் வளர்ச்சியாகிய ஹாட்லிக் கல்லூரியும், ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயு புளியமரமொன்றின் நிழலிலே பிரசங்கித்தார் என்னும் ஐதிகமும் அவ்வூருக்குப் பெருமை தருவனவே. ஆயினும், இவ்வூரின் இருதயத்தை அறிய விழைவோர் தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தின் கீழ் நின்று மேலே நோக்குதல் வேண்டும் என்பது என் துணிபு.

வீதியின் இருமருங்கும் திண்ணைகளும், அவற்றின்மீது நிரையாக நிற்கும் கற்றூண்களும் இருக்க, அத்தூண்கள் தாங்கும் கூரை வீதியையே கவித்து நிற்க, மாந்தரும் வண்டிகளும் அதனூடே செல்லும் வண்ணம் அமைந்தது அம்மடம். நடுப்பகல் வெயிலிலே சுமையோடு வருபவர் வழியைவிட்டு விலகாமலே நிழலை அடைவர். கதவைத் தட்டவோ எவரிடமும் அனுமதி கேட்கவோ வேண்டியதில்லை.

இத்தருமம் மடத்தோடு நின்றுவிடவில்லை. நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம் இறக்கி, கிடுகு வேலியால் தன்னை மறைத்துக்கொண்டு, முழுவதும் உள்நோக்கியே வாழ்ந்த நாற்சார் வீடும், வேலியோரத்தில் சங்கடப் படலை என்னும் சிறு கூரைவாயிலை எழுப்பி, முன்பின் அறியாத வழிப்போக்கருக்கு இருக்க இடமும் பருகத் தண்ணீரும் வைத்தது. ஆயினும், இத்திண்ணைகளிலே எல்லாச் சாதியாரும் சமமாக அமர்ந்தனர் என்று கூறுதல் சரித்திரத்துக்கு ஒவ்வாது. அக்குறையை மறைத்து இவற்றைப் புகழ்தலும் நேர்மையன்று.

வீதியோரங்களில் சுமைதாங்கிகளும் நின்றன. பிறர் கைகொடாமலே தலைச்சுமையை இறக்கி வைக்கத்தக்க உயரமுடைய அக்கற்களைப் பெரும்பாலும் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக உறவினர் நாட்டினர். அவர்கள் இறக்காமற்போன சுமையை ஊராரேனும் இறக்கி ஆறட்டும் என்னும் எண்ணத்திற் பிறந்த வழக்கம் அது. கேணியருகே மாடுகள் உடலுரஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும் நாட்டிய சமூகத்தின் கருணை மனிதரளவில் அடங்கியதன்று.

இவற்றுள் உள்நாட்டு யுத்தத்தில் அழிந்தவை பல. அதன்பின் வீதியை அகட்டும்போதும் மதில் கட்டும்போதும் பெயர்த்தெறியப்பட்டவையும் உண்டு. தம் வளவு வாயிலிலே சங்கடப் படலையோ, ஒழுங்கை முகப்பிலே சுமைதாங்கியோ எஞ்சியிருக்கப்பெற்ற அன்பர்கள் அதனைப் பெயர்க்காது, நின்ற இடத்திலேயே பழுதுபார்த்து நிலைநிறுத்துவார்களாக.