பூட்டும் பரிசும் அழைப்புப் பட்டியலும்

லண்டன் பிக்காடிலி தெருவில் ஜோசப் பிராமாவின் கடைச் சன்னலில் 1790-ஆம் ஆண்டையொட்டி ஒரு பூட்டு காட்சிக்கு வந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்பும் அதனுடன் இருந்தது. அறுபது ஆண்டுகள் அந்தப் பரிசை யாரும் பெறவில்லை. 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, தன் நிறுவனத்தின் பூட்டுகளை விற்க அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அந்தச் சவாலை ஏற்றார். நடுவர்கள் அமர்த்தப்பட்டார்கள்; விதிகளும் கெடுவும் எழுதப்பட்டன. 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துப் பூட்டைத் திறந்தார். லண்டனின் தேர்ந்த பூட்டுக்காரர்களை மட்டும் முன்கூட்டியே பட்டியலிட்டு அழைத்திருந்தால் ஹாப்ஸ் அதில் இடம்பெற்றிருக்க மாட்டார். பிளாக்செயினில் இயங்கும் நிதிச் செயலிகளின் நிரலில் பிழை தேடுவதற்கு இன்று பரிசுப் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே கலந்துகொள்ளும் வகை ஒன்றும் உண்டு. அந்த வகைக்கு நியாயமான ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அது சோதனையின் முதல் கட்டம்தான். அதையே முடிவாகக் கொள்ளும் பழக்கம் ஆபத்தானது என்பதை இந்தத் தொழிலின் வரலாறே காட்டுகிறது.

கணினி உலகில் பிழைக்குப் பரிசு தரும் வழக்கம் 1995 அக்டோபரில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் சோதனைப் பதிப்புக்குப் பரிசு அறிவித்தபோது பரவலாகத் தெரியவந்தது. 2004-இல் மொசில்லா, கடுமையான பாதுகாப்புப் பிழை ஒன்றுக்கு 500 டாலர் தர முன்வந்தது. யார் கலந்துகொள்ளலாம் என்ற கேள்வி அரசு இதில் இறங்கியபோது கூர்மையானது. 2016 வசந்தத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பொது இணையதளங்களைச் சோதிக்க ஒரு திட்டம் நடத்தியது. பதிவு செய்து தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. அப்படியும் 1,400 பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 138 உண்மையான குறைகள் கிடைத்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,50,000 டாலர். வாசலில் ஆளைச் சரிபார்ப்பது பயன்தரும் என்பதற்கு இது நல்ல சான்று. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சரிபார்ப்பு இருந்தது, ஆனால் கூட்டம் சிறியதாக இல்லை. ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள் மட்டும் வரட்டும் என்று அந்தத் துறை சொல்லவில்லை.

அதே 2016-இல்தான் பணத்தை நேரடியாகத் தாங்கி நிற்கும் நிரல் எவ்வளவு பலவீனமாக இருக்க முடியும் என்பதும் தெரிந்தது. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ‘தி டிஏஓ’ என்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டாக, அதாவது விதிகளைத் தானே நிறைவேற்றும் நிரலாக, எழுதப்பட்டிருந்தது. கணக்கைத் திருத்துவதற்கு முன்பே பணத்தை அனுப்பிவிடும் குறை அதில் இருந்தது. ஜூன் 17 அன்று ஒருவர் அதைப் பயன்படுத்தி, பணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எத்தீரியத்தின் நாணயமான ஈதரில் 36 லட்சத்தை வெளியே எடுத்தார். அதை மீட்பதற்காக ஜூலையில் எத்தீரியத்தின் சங்கிலியையே இரண்டாகப் பிரிக்க நேர்ந்தது. வங்கியில் தவறான பரிமாற்றத்தை நிறுத்திவைக்க ஓர் அதிகாரி இருப்பார். இங்கே அப்படி யாரும் இல்லை. ஆகவே நிரல் வெளிவருவதற்கு முன்பே பிழையைத் தேட வேண்டிய தேவை எழுந்தது. 2021-இல் கோட்ஃபோரினா போன்ற தளங்கள் போட்டித் தணிக்கையைத் தொடங்கின. குறிப்பிட்ட சில நாட்களுக்கு நிரலைத் திறந்துவைத்து, பிழையைக் காண்பவர்களுக்குப் பொதுப் பரிசுத் தொகையைப் பகிர்ந்தளிக்கும் முறை அது. பின்னர் இந்தத் தளங்களின் தரவரிசையில் முன்னே நிற்பவர்களையும் அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்களையும் மட்டும் சேர்க்கும் அழைப்புப் போட்டிகளும் வந்தன.

அழைப்புப் போட்டியை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது. திறந்த போட்டியில் ஒரே பிழையைப் பலர் கண்டால் பங்கு வேகமாகச் சுருங்கும். இரண்டு பேர் சொன்னாலே ஒவ்வொருவருக்கும் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும் வகையில் விதி வகுக்கப்படுகிறது. யாரும் காணாத நுட்பமான பிழையைத் தேட வாரக்கணக்கில் உழைக்கும் ஆளுக்கு, கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். பட்டியல் சிறியதாக இருந்தால் அந்த நம்பிக்கை வரும். மேம்போக்கான அறிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தால், அவற்றைப் படித்துத் தரம்பிரிக்கும் நடுவர்களின் நேரமும் வீணாகும். வெளியிடாத நிரலைப் போட்டியாளர்கள் நகலெடுப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. இவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் இவை எல்லாம் போட்டியை நடத்துபவரின் சிரமத்தையும் பங்கேற்பவரின் வருமானத்தையும் பற்றியவை. நிரல் வெளியான பிறகு அதைத் தாக்க வருபவருக்கு அழைப்பு தேவையில்லை. தரவரிசை காட்டுவது ஒருவர் நேற்றுவரை கண்ட பிழைகளை. நாளைய பிழை வேறு வகையாக இருந்தால் நேற்றைய வரிசை அதற்கு உத்தரவாதம் ஆகாது.

2022 பிப்ரவரியில் பிளாக்செயின்களுக்கிடையே பணத்தை நகர்த்த உதவும் வோர்ம்ஹோல் என்ற பாலத்திலிருந்து 1,20,000 ஈதர் மதிப்பு திருடப்பட்டது. அதே மாதம் வெளியாள் ஒருவர், அதே பாலத்தில் வேறொரு பெரிய குறையைக் கண்டு, எல்லோருக்கும் திறந்திருந்த பரிசுத் திட்டம் வழியாகத் தெரிவித்தார். அவருக்கு 1 கோடி டாலர் வழங்கப்பட்டது. திறந்த வாசலால் வந்த பயன் இது. இதற்கு எதிராக ஆய்லர் என்ற பிளாக்செயின் கடன் செயலிக்கு நேர்ந்ததைக் காட்டலாம், காட்ட வேண்டும். தணிக்கைகள் நடந்திருந்தன, 10 லட்சம் டாலர் வரை திறந்த பரிசும் இருந்தது. ஆனாலும் ஒரு மேம்படுத்தலில் நுழைந்த குறை எட்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2023 மார்ச்சில் 19 கோடி டாலருக்கு மேல் பறிபோகக் காரணமானது. பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது. வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் கண்கள் வந்துவிடாது என்பதே இதன் பாடம். ஆழமாகப் பார்க்கக் குறிப்பிட்ட காலமும் உறுதியான கூலியும் வேண்டும். அழைப்புப் போட்டி தருவது அதைத்தான். அது தராதது எதிர்பாராத ஆளை. ஆகவே இரண்டுக்கும் வரிசை வேண்டும்: முதலில் அழைக்கப்பட்டவர்கள் ஆழமாகப் பார்க்கட்டும், பிறகு எல்லோருக்குமான போட்டி நடக்கட்டும், அதன் பிறகே பெரும் பணம் உள்ளே வரட்டும். ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் இதே வரிசை திரும்ப வேண்டும்.

ஹாப்ஸ் வென்ற பிறகு பிராமா நிறுவனத்தார், எந்தத் திருடனுக்கும் இத்தனை நாள் இத்தனை வசதி கிடைக்காது என்று குறைபட்டார்கள். ஆனாலும் 200 கினியைக் கொடுத்தார்கள். அந்த முறையீட்டில் பூட்டைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை இருந்தது. பிளாக்செயினில் அதுவும் இல்லை. வெளியான நிரல் நாளெல்லாம் எல்லோர் முன்னும் கிடக்கிறது. தாக்குபவர் விரும்பும் வரை காத்திருக்கலாம். எனவே அழைப்புப் போட்டியை நடத்திய நிறுவனம் எத்தனை பேர், எத்தனை நாள், நிரலின் எந்தப் பகுதியைப் பார்த்தார்கள் என்பதை வைப்பாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிரலைப் படிக்கத் தெரியாமல் தன் சேமிப்பை அதில் போடுபவருக்கு அந்த விவரம் ஒன்றுதான் கையில் இருக்கும் அளவுகோல்.