பாட்டும் பிழைப்பும்

இசை என்றவுடன் சபைக் கச்சேரியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் திரளான மக்கள் பாட்டுக் கேட்டது நாடகக் கொட்டகையிலேதான். அங்கே பாடியவர்கள் தம் கலையை எங்கே கற்றார்கள்? அதைக்கொண்டு எவ்வாறு வாழ்ந்தார்கள்? இவற்றைச் சிறிது காண்போம்.

அவர்களுட் பலருக்குப் பள்ளியாக இருந்தது பாய்ஸ் கம்பெனி. தூத்துக்குடியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், மதுரையில் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அதிற் சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. இத்தகைய கம்பெனிகளில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினர். வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டனர். தவறினால் பிரம்படியும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைவரை குரல் எட்டவேண்டும். ஆதலால் ஆர்மோனியத்தோடு இழைந்து, உச்ச சுருதியில் பாடப் பழகினர்.

இப் பள்ளியில் சம்பளம் கட்டவேண்டியதில்லை. ஆயினும் சிறுவர்கள் கொடுத்த விலை பெரிது. வீடும் விளையாட்டும் ஏட்டுப் படிப்பும் போயின. பையனுடைய மதிப்போ அவன் குரலில் அடங்கியிருந்தது. வளரும் பருவத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை கதாநாயகனாகப் பாடியவன் திரைக்குப் பின்னே நிற்க நேரும். கலையைக் கற்றுத்தந்த கம்பெனி, நாளைய சோற்றுக்கு உறுதி கூறவில்லை.

அந்த உறுதியை ஓரளவுக்கேனும் தந்தது, அவர்கள் கற்ற பாடமேயாகும். சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்கள் ஊர்தோறும் பரவிப் பொதுப்பாடமாயின. இதன் பயனைக் கவனியுங்கள். மதுரையில் கற்ற வேலனும் கரூரில் கற்ற வள்ளியும், முன்பின் அறியாதவராயினும், ஒத்திகையின்றி ஒரே மேடையில் நின்று விடியும்வரை நடிக்கலாம். 'ஸ்பெஷல் நாடகம்' என்பது இதுவே. கம்பெனிச் சம்பளத்தையே நம்பியிருந்த நடிகர், இரவுக்கு இவ்வளவு என்று தாமே பேசிக்கொள்ளும் நிலை பெற்றார். மனப்பாடமே அவருக்கு முதலாயிற்று.

அம் முதலைக்கொண்டு உயர்ந்தவர் இருவரைக் கூறலாம். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். நல்லதங்காள் நாடகத்தில் பசித்தழும் பிள்ளையாகச் சிறுவயதிலேயே மேடையேறினார். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் பால நடிகராகவே வாழ்வைத் தொடங்கியவர். வெவ்வேறு இடங்களில் பயின்ற இவ்விருவரும் 1926-இல் இலங்கை மேடையில் சேர்ந்து நடித்தனர். பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தனர். நாடகம் காணாதவர்களும் இசைத்தட்டில் இவர்கள் குரலைக் கேட்டனர். கிட்டப்பா 1933-இல், 27-ஆம் வயதிலேயே மறைந்தார். தனித்து நின்ற சுந்தராம்பாள், 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். பசித்த பிள்ளையாய்ப் பாடியவர் பெற்ற ஊதியம் அது!

ஆனால், எல்லோருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1931-இல் தமிழ்ப் பேசும்படம் வந்தபின், நாடகக் கொட்டகைகள் பல திரைப்படக் கொட்டகைகளாக மாறின. சினிமா சிலரைத் தூக்கிவிட்டது; பலரைக் கைவிட்டது. பெயர் அறியப்படாத அப் பலருக்குத் துணை நின்றது ஊர்த் திருவிழாவும் ஸ்பெஷல் நாடகமுமே. தென்மாவட்டங்களில் இன்றும் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் நடைபெறுகிறது. பகலில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்துசேர்ந்த நடிகர்கள், இரவில் ஒரே கதையைக் கூடிப் பாடுகின்றனர். 1922-இல் மறைந்த சுவாமிகள் எழுதிவைத்த பாடம், நூறாண்டு கடந்தும் அவர்களுக்கு உணவளித்து வருகிறது.