தென்னிந்திய வௌவால்களின் செவிப்புலனும் எதிரொலி இடமறிதலும்

எதிரொலி இடமறிதல் என்பது ஒரு விலங்கு தானே ஒலியெழுப்பி, பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, அவற்றின் தொலைவு, திசை, அளவு, அசைவு ஆகியவற்றை அறியும் முறை. பூச்சியுண்ணும் வௌவால்கள் பறப்பதும் இரை பிடிப்பதும் பெரும்பாலும் இம்முறையால்தான். குரல்வளையில் பிறக்கும் இந்த ஒலிகளில் பல மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மீயொலிகள். உலகில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. ஓர் இனத்தின் செவி எந்த அதிர்வெண்ணுக்குக் கூர்மையானது என்பதற்கும் அது எங்கே, எப்படி இரை தேடுகிறது என்பதற்கும் உள்ள தொடர்பை விளக்கிய முக்கிய ஆய்வுகள் பல மதுரையைச் சுற்றியும், இலங்கையிலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நடந்தவை.

தொடக்க கால ஆய்வுகள்

1793இல் இத்தாலியின் பவியா நகரில் லாசரோ ஸ்பல்லன்சானி, இருட்டறையில் ஆந்தை தடுமாறியபோதும் வௌவால் தடையின்றிப் பறந்ததைக் கண்டார். பார்வை நீக்கப்பட்ட வௌவால்களும் குறுக்கே கட்டிய நூல்களில் மோதாமல் பறந்தன. அவர் திறந்துவிட்ட குருட்டு வௌவால்கள் மீண்டும் பிடிபட்டபோது, அவற்றின் வயிறு மற்றவற்றைப் போலவே பூச்சிகளால் நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டு ஜெனீவாவின் லூயி ஜூரின் வௌவால்களின் காதுகளை அடைத்துப் பார்த்தார். அவை எதிர்ப்பட்டதிலெல்லாம் மோதின. ஸ்பல்லன்சானியும் இதைச் செய்துபார்த்து உறுதிசெய்தார். ஆனால் வௌவாலிடமிருந்து ஒலி எதுவும் மனிதருக்குக் கேட்கவில்லை. அதனால் இறக்கையின் தொடுவுணர்ச்சியே வழிகாட்டுகிறது என்ற ஜார்ஜ் குவியேயின் கருத்து நூறாண்டுக்கும் மேலாக நிலைத்தது.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912இல் ஹைரம் மாக்சிம், வௌவாலைப் போல எதிரொலியால் பனிப்பாறைகளைக் கண்டறியும் கருவி ஒன்றை முன்மொழிந்தார். இறக்கையடிப்பில் எழும் தாழ்ந்த ஒலியை வௌவால் பயன்படுத்துகிறது என்பது அவருடைய எண்ணம். அது மனிதருக்குக் கேளாத உயர் ஒலி என்று 1920இல் கூறியவர் கேம்பிரிட்ஜின் ஹாமில்டன் ஹார்ட்ரிட்ஜ். இதை மெய்ப்பிக்கக் கருவி தேவைப்பட்டது. ஹார்வர்டு மாணவர் டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் உருவாக்கிய மீயொலி உணர்கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுவந்தார். அவை எழுப்பிய மீயொலி 1938இல் பதிவானது. பின்னர் கிரிஃபினும் ராபர்ட் காலம்பஸும் காதையோ வாயையோ அடைத்தால் வௌவால் வழி தவறுகிறது என்று 1941இல் காட்டினர். போரினால் தொடர்பு அறுந்திருந்த நெதர்லாந்தில் ஸ்வென் டைக்கிராஃப் 1943இல் தனியாகவே இதே முடிவுக்கு வந்தார். இத்திறனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1944இல் இட்டவர் கிரிஃபின்.

செயல்முறை

ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் எதிரொலி ஏறக்குறைய 6 மில்லிநொடியில் திரும்புகிறது. இந்தக் கால இடைவெளியிலிருந்து வௌவாலின் மூளை தொலைவை அறிகிறது. இரை தேடும்போது பல இனங்கள் நொடிக்குப் பத்து முறை அளவில் ஒலியெழுப்புகின்றன. இரையைக் கண்டு நெருங்க நெருங்க ஒலிகள் குறுகி, கடைசி நொடித்துளிகளில் நொடிக்கு 200 வரை எட்டுகின்றன.

அதிர்வெண்ணைத் தேர்வதில் ஓர் இக்கட்டு உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 மில்லிமீட்டர். அது தொலைவு செல்லும், சிறு பூச்சியைத் தவறவிடும். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மில்லிமீட்டர், அது சிறு பூச்சியையும் காட்டும், ஆனால் காற்று அதை விரைவில் உறிஞ்சிவிடும். எனவே எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் ஒரே ஒலி இல்லை. திறந்த வானில் வேட்டையாடும் இனத்துக்கும் இலையடர்ந்த காட்டில் வேட்டையாடும் இனத்துக்கும் வெவ்வேறு குரலும் வெவ்வேறு செவியும் தேவை.

லாட மூக்கு வௌவால்கள் ஏறத்தாழ ஒரே அதிர்வெண்ணில் நீண்ட ஒலியை மூக்கு வழியே விடுகின்றன. பறக்கும் வேகத்தால் எதிரொலியின் அதிர்வெண் உயரும். இது டாப்ளர் விளைவு. அதற்கு ஈடாக வௌவால் தன் குரலைச் சற்றுத் தாழ்த்தி, எதிரொலி எப்போதும் தன் செவிக்கு மிகக் கூர்மையான அதிர்வெண்ணிலேயே விழும்படி செய்கிறது. இதை 1968இல் ஜெர்மனியின் ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் கண்டறிந்தார். இவ்வௌவால்களின் உட்செவியில், காக்ளியாவின் பெரும்பகுதி அந்தக் குறுகிய அதிர்வெண் பட்டைக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அந்துப்பூச்சியின் இறக்கையடிப்பு எதிரொலியில் உண்டாக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கத்தை இச்செவி பிரித்துணரும். அசையாத இலைகளுக்கு நடுவே அசையும் பூச்சி இப்படித்தான் தனித்துத் தெரிகிறது.

மதுரை ஆய்வுகள்

1970களில் எம். கே. சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆய்வை வளர்த்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள மலைக்குகைகளும், பழைய கட்டடங்களும், பாறை இடுக்குகளும் பல இன வௌவால்களின் தங்குமிடங்கள். ஜெர்மன் விலங்கியலாளர் கெர்ஹார்ட் நாய்வைலர் (1935–2008) தம் மாணவர்களுடன் இங்கு வந்து பணியாற்றினார். இந்தியப் பழந்தின்னி வௌவால் கூட்டம் ஒன்றின் நடத்தையைப் பற்றி 1969இலேயே அவர் கட்டுரை வெளியிட்டிருந்தார். இக்கூட்டுழைப்பால், ஆய்வகக் கூண்டில் மட்டும் அளக்கப்பட்டுவந்த செவித்திறனை வௌவால் உண்மையில் வேட்டையாடும் இடத்தோடு ஒப்பிட முடிந்தது.

1984இல் நாய்வைலர், சிங், ஸ்ரீபதி ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. ஒரே வட்டாரத்தில் வாழும் பல இனங்களின் கேட்கும் வரம்பை அவர்கள் அளந்தனர். மர உச்சிக்கு மேலே உயரத்தில் பறக்கும் டாடரிடா இனம் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை நன்றாகக் கேட்டது. செடிகொடிகளை ஒட்டி வேட்டையாடும் ஹிப்போசிடெராஸ் எனும் இலைமூக்கு வௌவால்களில் ஓரினத்தின் செவி 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும், மற்றோரினத்தின் செவி 150ஐ ஒட்டியும் கூர்மையாக இருந்தது. வேட்டைக்களம் தரையையும் இலைத்தொகுதியையும் நெருங்க நெருங்க, பொதுவாகச் செவி உயர்ந்த அதிர்வெண்ணை நோக்கி நகர்ந்தது. ஒரே இரவில், ஒரே ஊரில் பல இனங்கள் மோதலின்றி உணவு தேடுவதற்கு இந்தப் பங்கீடு ஒரு காரணம்.

இதற்குச் சற்று முன்பு, 1981இல் யோர்க் ஹாபர்செட்ஸர் மதுரைப் பகுதியின் எலிவால் வௌவாலை ஆராய்ந்தார். தனியே பறக்கையில் அது 32.5 கிலோஹெர்ட்ஸில் ஒலியெழுப்புகிறது. கூட்டமாகப் பறக்கையில் வௌவால்கள் 30, 32.5, 35 கிலோஹெர்ட்ஸ் எனப் பட்டைகளைப் பிரித்துக்கொள்கின்றன. ஒன்றின் எதிரொலி மற்றதன் குரலில் கலந்துபோகாதிருக்க இது உதவுகிறது.

செவி வேட்டைக்கு மட்டுமன்றி, காலத்தை அறியவும் பயன்படக்கூடும் என்பதற்கும் மதுரையிலிருந்தே சான்று கிடைத்தது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் இயற்கைக் குகை ஒன்றின் இருளில் ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கண்காணித்தனர். சுற்றிலும் அதே இன வௌவால்கள் சுதந்திரமாக வாழ்ந்தபோது, சூரியனையே காணாத கூண்டு வௌவால்களின் பறக்கும் நேரமும் 24 மணிநேரத்தோடு ஒத்துப்போனது. உடன்வாழும் வௌவால்கள் இல்லாத நிலையில் அந்த ஒத்திசைவு குலைந்தது. அந்தியில் வெளியேறி விடியலில் திரும்பும் கூட்டத்தின் சலசலப்பே இருளில் இருந்தவற்றுக்குக் கடிகாரமாக இருந்தது என்று 1981இல் வெளியான இக்கட்டுரை உணர்த்தியது.

குரலடக்கி வேட்டையாடும் வௌவால்

மெகாடெர்மா லைரா தென்னிந்தியாவின் ஊனுண்ணி வௌவால். தவளை, பல்லி, எலி, சிறு பறவை, பெரும் பூச்சிகள் ஆகியவற்றைத் தரையிலிருந்து கவ்விச் செல்லும். நெற்றிக்கு மேல் அடியில் இணைந்த பெருஞ்செவிகளைக் கொண்டது. 1984ஆம் ஆண்டு அளவீடுகளில் இதன் செவி மிகத் தாழ்ந்த ஒலியையும் உணர்ந்தது. இரை எழுப்பும் சலசலப்பை மட்டும் கேட்டு, எதிரொலியின்றியும் இது இரை பிடிக்க வல்லது என்று 1979இல் யோவாகிம் ஃபீட்லர் எழுதினார்.

1987இல் மாரிமுத்துவும் நாய்வைலரும் தவளைகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். தவளை குதித்து ஓசை எழுப்பினால் வௌவால் பாய்ந்தது; அசையாமல் கிடந்தால் கவனிக்கவில்லை. இறந்த தவளையை ஓசை எழும்படி இழுத்தபோதும் தாக்கியது. ஈரத்தளத்தில் ஓசையின்றி இழுத்தபோது விட்டுவிட்டது. இவ்வௌவாலை ஈர்த்தது அசைவல்ல, அசைவின் ஓசையே என்பது அவர்களின் முடிவு.

இம்முடிவுக்குப் பின்னர் வரம்பு விதிக்கப்பட்டது. நீர்ப்பரப்புக்கு மேல் தலைநீட்டிய இரையை இதே இனம் எதிரொலியால் கண்டு கவ்வுகிறது என்று மாரிமுத்து, ஹாபர்செட்ஸர், லைப்பெர்ட் ஆகியோர் 1995இல் காட்டினர். தரையில் அசைவின்றி, ஓசையின்றி இருந்த இரையையும் எதிரொலியால் கண்டறிய முடிவதை சபீனே ஷ்மிட்டும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்டனர். சூழலுக்கேற்ப இரு வழிகளையும் இது கையாள்கிறது என்பதே இன்றைய கருத்து.

இலங்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையும்

1987இல் நாய்வைலர் குழு இலங்கைக் காட்டில் ரைனோலோபஸ் ரூக்ஸி எனும் லாட மூக்கு வௌவாலை ஆராய்ந்தது. அடர்காட்டினுள் பறந்து வேட்டையாடியும், கிளையில் தொங்கியபடி சுற்றிச் செவிசாய்த்து, கடந்துபோகும் பூச்சியின் மேல் பாய்ந்தும் அது உணவு தேடியது. ஆய்வகத்தில் அறியப்பட்டிருந்த டாப்ளர் ஈடும் இறக்கையடிப்பை உணரும் செவியும் காட்டில் எதற்குப் பயன்படுகின்றன என்பதை இவ்வாய்வு தெளிவாக்கியது.

தென்னிந்தியாவில் இதே இனமாகக் கருதப்பட்ட வௌவால்களில் சில 80 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் சில 90 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் குரலெழுப்பின. தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த இவை மரபணுவில் வேறுபட்ட இரு உடன்பிறப்பு இனங்கள் என்று பாலாஜி சட்டோபாத்யாய், உமா ராமகிருஷ்ணன், ஸ்ரீபதி காண்டுலா உள்ளிட்ட குழுவினர் 2012இல் காட்டினர். ஒன்று ரைனோலோபஸ் இண்டோரூக்ஸி என்று பெயர் பெற்றது. கண்ணுக்கு மறைந்திருந்த இனத்தைக் குரல் காட்டிக்கொடுத்தது.

மெகாடெர்மாவின் மற்றோர் இனமான ஸ்பாஸ்மா மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பகுதிகளில் வாழ்வது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு, இவ்வௌவால் உண்டு எறிந்த இலைவெட்டுக்கிளிகளின் எச்சங்களைச் சேகரித்தது. இரவெல்லாம் பாடும் ஆண்களே அதிகம் இரையாகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. எச்சங்களிலோ பாடாத பெண்களே மிகுந்திருந்தன. பாடும் துணையைத் தேடிப் பறந்து திரியும் பெண்ணுக்கே ஆபத்து அதிகம் என்று 2015இல் வெளியான ஆய்வு விளக்கியது.

வால்பாறைப் பகுதியில் கிளேர் வேர்ட்லி, திவ்யா முடப்பா, மகேஷ் சங்கரன், ஜான் ஆல்ட்ரிங்ஹாம் உள்ளிட்டோர் வௌவால்களின் குரல்களைப் பதிந்து, இனங்களைப் பிரித்தறியும் திறவுகோல் ஒன்றை 2014இல் வெளியிட்டனர். வலைவீசிப் பிடிக்காமலேயே இனங்களை அடையாளம் காண இது உதவியது. தேயிலைத் தோட்டத்தைவிட நிழல்மரங்கள் உள்ள காப்பித் தோட்டம் வௌவால்களுக்கு ஏற்றது என்பதும் இத்தொடர் ஆய்வில் தெரிந்தது.

எதிரொலியைச் சாராத வௌவால்கள்

திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் மக்கள் கண்ணில் அதிகம் படும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் குரல்வளையால் எதிரொலி இடமறிவதில்லை. பார்வையும் மோப்பமுமே அவற்றுக்கு வழிகாட்டி. விலக்காக, குகைகளிலும் கோயில்களிலும் தங்கும் ரூசெட்டஸ் லெஷனால்டியின் இனக்குழு நாவைச் சொடுக்கி எதிரொலி கேட்கிறது. தென்னிந்தியாவிலும் வாழும் இயோனிக்டெரிஸ் உள்ளிட்ட சில இனங்கள் இறக்கையால் சொடுக்கொலி எழுப்புவது 2014இல் தெரியவந்தது.

2018இல் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியபோது வௌவால்கள் அனைத்தின் மீதும் அச்சம் எழுந்தது. அவ்வைரஸின் இயற்கை ஓம்புயிரி டெரோபஸ் பழந்தின்னிகள். எதிரொலியால் பூச்சி பிடிக்கும் சிற்றினங்கள் அல்ல.

பாதுகாப்பு

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை நீண்டகாலம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை நீக்கியது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களையும் தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறையையும் உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. களக்காடு முண்டந்துறை, அரிய சலீம் அலி பழந்தின்னி வௌவாலின் வாழிடங்களுள் ஒன்று.

ஒவ்வோர் இனத்தின் செவியும் ஒருவகை வேட்டைக்களத்துக்கே பொருந்துவதால், களம் மாறினால் அவ்வினம் வேறிடத்தில் எளிதில் பிழைக்காது. குகையை உடைக்கும் கல்குவாரியும், மரநிழல் அகற்றிய தோட்டமும் எதிரொலி வௌவால்களுக்குப் பெரிய கேடுகள். இவற்றின் பாதுகாப்பு, தங்குமிடத்தோடு வேட்டைக்களத்தையும் சேர்த்துக் காப்பதில் அமைந்துள்ளது.